ஓரம் எங்கே இருக்கிறது? சென்னைச் சாலையில் சைக்கிள்காரரும் வண்டிக்காரரும் செய்யும் தவறுகள்

"ஓரமாப் போய்யா!"

சைக்கிளில் வேலைக்குப் போக ஆரம்பித்த புதிதில், வேளச்சேரிக்கும் அடையாறுக்கும் நடுவில் தினமும் நாலைந்து தடவையாவது இதைக் கேட்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு காரில் கிளம்பினால், அதே வார்த்தையை முணுமுணுத்தபடி ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பதும் நான்தான். இரண்டு சீட்டிலும் உட்கார்ந்து பார்த்ததில் ஒன்று புரிந்தது. சைக்கிள்காரருக்கும் வண்டிக்காரருக்கும் நடக்கும் சச்சரவில் பெரும்பகுதி, சாலையில் 'ஓரம்' என்று ஒரு இடம் காலியாக இருக்கிறது என்ற நம்பிக்கையில் தொடங்குகிறது. அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

ஓரத்துக்குள் ஒடுங்குவது, ஒடுங்கச் சொல்வது

கார் கண்ணாடி வழியாகப் பார்த்தால் இடது பக்கம் நாலடி சும்மா கிடப்பது போலத்தான் தோன்றும். அந்த நாலடியில் என்னென்ன இருக்கிறது என்பது சைக்கிளில் போனால்தான் தெரியும். தார் முடிந்து மண் தொடங்கும் இடத்தில் இரண்டு விரல் உயரத்துக்கு ஒரு விளிம்பு. சாலை மட்டத்துக்கு மேலேயோ கீழேயோ நிற்கும் பாதாளச் சாக்கடை மூடி. சக்கரம் ஓடும் திசையிலேயே கம்பி போட்ட மழைநீர் வடிகால் சல்லடை. ஒல்லியான டயர் அதில் இறங்கினால் ஆள் ஹேண்டில்பாருக்கு மேலே பறக்க வேண்டியதுதான். மெட்ரோ வேலைக்கு வைத்த தடுப்பின் கால். இளநீர் வண்டி, நிறுத்திய கார், ஆள் இறக்கும் ஷேர் ஆட்டோ. போதாததற்கு எதிர்த் திசையில் 'ஒரு நிமிஷம்தானே' என்று வரும் பைக்.

திட்டுக்குப் பயந்து இதற்குள் ஒடுங்குவதுதான் சைக்கிள்காரர் செய்யும் முதல் தவறு. ஒடுங்கினால் ஒவ்வொரு இருபது அடிக்கும் ஏதாவது ஒன்றுக்காக வெளியே வந்தாக வேண்டும். பின்னால் வருகிறவர் கண்ணுக்கு அவர் பாம்பு மாதிரி நெளிகிறார், எப்போது எந்தப் பக்கம் வருவார் என்று சொல்ல முடியாது. நின்றிருக்கும் கார்களிலிருந்து மூன்றடியாவது தள்ளி, நேர்கோட்டில், ஒரே வேகத்தில் போய்க்கொண்டே இருங்கள். இரண்டு கார்களுக்கு நடுவே காலியிடம் தெரிகிறதே என்று உள்ளே நுழையாதீர்கள். அடுத்த காருக்கு முன்னால் திரும்பவும் வெளியே வரும் அந்த ஒரு கணத்தில்தான் இடி விழுகிறது.

வண்டிக்காரரின் தவறு, இப்படி நேர்கோட்டில் போகிறவரைத் திமிர் பிடித்தவர் என்று நினைப்பது. அவர் வழியை மறிக்கவில்லை, பள்ளத்துக்கும் உங்களுக்கும் நடுவில் கிடைத்த இடத்தில் போகிறார். ஜெர்மனியில் ஊருக்குள் சைக்கிளைத் தாண்டும்போது ஒன்றரை மீட்டர் இடைவெளி வேண்டும் என்று 2020-ல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். நம் தெருவில் ஒன்றரை மீட்டருக்கு எங்கே போவது என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். இடம் இல்லாத இடத்தில் தாண்டாமல் பின்னாலேயே வாருங்கள். சென்னையில் அது அதிகம் போனால் அடுத்த சிக்னல் வரைக்கும்தான். என்னை உரசிக்கொண்டு தாண்டிப் போன காரை, மத்திய கைலாஷ் சிக்னலில் கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்று பார்க்காத நாள் குறைவு.

ஹாரனைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காருக்குள் கண்ணாடி ஏற்றி, ஏசி போட்டு, பாட்டுக் கேட்பவருக்கு ஹாரன் ஒரு சின்னச் சத்தம். சைக்கிள்காரருக்கு அது முதுகுக்குப் பின்னால் வெடிக்கிற வெடி. சைக்கிளில் பெரும்பாலும் மிரர் இருக்காது. சத்தம் கேட்டதும் தலை வலது பக்கம் திரும்பும், தலையோடு தோளும், தோளோடு ஹேண்டிலும் திரும்பும். அதாவது எந்தப் பக்கம் வரக் கூடாது என்று அடித்தீர்களோ அந்தப் பக்கமே அவர் வருவார். அடித்தே ஆக வேண்டுமென்றால் தூரத்திலேயே சின்னதாக ஒரு தடவை போதும்.

தாண்டிப் போய் இடது பக்கம் திரும்புவது

என்னைக் கேட்டால், பொறுப்பான, நல்ல ஓட்டுநர்கள்கூடத் தெரியாமல் செய்யும் மோசமான தவறு இதுதான். இடது பக்கச் சந்தில் திரும்ப வேண்டும், முன்னால் ஒரு சைக்கிள் போகிறது. 'இவரைத் தாண்டித் திரும்பிவிடலாம்' என்று வேகம் எடுக்கிறார். தாண்டுகிறார். திருப்பத்துக்காக வேகத்தைக் குறைத்து இடது பக்கம் ஒடிக்கிறார். அந்த நேரத்தில் நேராகப் போக வேண்டிய சைக்கிள் காரின் பின் கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவருக்குப் போக இடமே இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரண சைக்கிள் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு நொடியில் நாலு மீட்டருக்குச் சற்று மேலே கடக்கும். திருப்பம் 20 மீட்டரில் இருந்தால் அவர் தாண்டிப் போக ஐந்து நொடி. அந்த ஐந்து நொடியை மிச்சம் பிடிக்கத்தான் இத்தனையும். சைக்கிள் பின்னாலேயே மெதுவாக வந்து, அது கடந்தபின் திரும்பினால் முடிந்தது. 'சைக்கிள்தானே, மெதுவாத்தான் வரும்' என்பதும் இப்போது முழுக்க உண்மை இல்லை. கியர் சைக்கிள்காரர்கள் 25-ல் சாதாரணமாகப் போகிறார்கள், மின்சார சைக்கிள்கள் வேறு வந்துவிட்டன.

சைக்கிள்காரர் பக்கத்திலும் இதற்கு ஒரு ஜோடித் தவறு உண்டு. சிக்னலில் நிற்கும் லாரிக்கும் நடைபாதைக்கும் நடுவில் உள்ள சந்தில் புகுந்து முன்னால் போவது. தண்ணீர் லாரி, மாநகரப் பேருந்து, கான்கிரீட் கலவை வண்டி எதுவானாலும் உயரத்தில் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநருக்கு இடது பக்கம் கீழே இருப்பது தெரியாது. அவருடைய மிரரில் அவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லையென்றால் நீங்களும் அவருக்குத் தெரியவில்லை. நீளமான வண்டி இடது பக்கம் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன வழியில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். நீங்கள் நிற்பது அந்த உள்பக்கம்தான்.

பேருந்து நிறுத்தத்திலும் இதே கதை. முன்னால் போன பேருந்து நிறுத்தத்தை நோக்கி ஒதுங்கும்போது இடது பக்கமாகப் புகுந்து போய்விடலாம் என்று கால் துடிக்கும். படியிலிருந்து இறங்குகிறவர் உங்கள் ஹேண்டில் மேல்தான் இறங்குவார், அவர் மேல் தப்பும் இல்லை. பின்னால் நின்று ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். வலது பக்கமாகத் தாண்டினால் திரும்பிப் பார்த்து, கை காட்டி, பேருந்து கிளம்பும் அறிகுறி இல்லையென்று உறுதி செய்துகொண்டு தாண்டுங்கள். பேருந்து ஓட்டுநர்களிடம் ஒரு வேண்டுகோள்: சைக்கிளைத் தாண்டிய கையோடு அதன் முன்னாலேயே இடது பக்கம் வெட்டி நிறுத்தாதீர்கள். நிறுத்தம் எங்கே என்பது சைக்கிள்காரரைவிட உங்களுக்கு நன்றாகவே தெரியும்.

கதவு

நம் ஊரில் ஓட்டுநர் வலது பக்கம் உட்காருகிறார். இடது ஓரமாக நிறுத்திய காரில் அவருடைய கதவு சாலையைப் பார்த்துத் திறக்கும். வலது கையால் கதவைத் தள்ளும்போது உடம்பு திரும்பாது. இடது கையால் திறந்து பாருங்கள். கை குறுக்கே போவதால் தோள் தானாக வலது பக்கம் திரும்பும், கண் பின்னால் வரும் சாலையைப் பார்த்துவிடும். நெதர்லாந்தில் ஓட்டுநர்களுக்குப் பழக்கப்பட்ட வித்தை இது. அங்கே ஓட்டுநர் இடது பக்கம் உட்காருவதால் கை மட்டும் மாறும். வாடகைக் காரில் பின்சீட்டில் வலது பக்கம் உட்கார்ந்தால், முடிந்தவரை இடது பக்கமாக நகர்ந்து இறங்குங்கள்.

எதிர்த்திசை

இது சைக்கிள்காரர்கள் மேல் வண்டிக்காரர்களுக்கு இருக்கும் பெரிய குறை, நியாயமான குறையும்கூட. காரணம் புரிகிறது. நடுவில் தடுப்புச் சுவர், திரும்பும் இடம் அரைக் கிலோமீட்டர் தள்ளி, மெட்ரோ பணிக்காக அதுவும் அடைத்து வேறெங்கோ மாற்றியிருப்பார்கள். மிதிக்கிற காலுக்கு ஒரு கிலோமீட்டர் சுற்று என்பது சும்மா இல்லை.

ஆனால் 40-ல் வரும் வண்டியும் 15-ல் போகும் சைக்கிளும் ஒரே திசையில் போனால், 30 மீட்டர் இடைவெளி கரைய நாலு நொடிக்கு மேல் ஆகும். எதிரெதிரே வந்தால் இரண்டு நொடிதான். அதைவிட முக்கியமான ஒன்று: சந்திலிருந்து பெரிய சாலைக்கு இடது பக்கம் திரும்புகிறவர் வலது பக்கத்தை மட்டும்தான் பார்ப்பார், வண்டி அங்கிருந்துதான் வர வேண்டும். நீங்கள் அவருடைய இடது பக்கத்திலிருந்து வருகிறீர்கள். அவர் பார்க்கவே மாட்டார். ரொம்பத் தூரம் சுற்ற வேண்டியிருந்தால் இறங்கி, நடைபாதையில் தள்ளிக்கொண்டு போங்கள். இறங்கிவிட்டால் நீங்களும் நடந்து போகிறவர்தான். சைக்கிளுக்கு மட்டும் கிடைத்திருக்கும் இந்தச் சலுகையை நம் ஆட்கள் ஏனோ பயன்படுத்துவதில்லை.

சிவப்பு விளக்கைத் தாண்டுவதும் இதே வகை. 'நமக்கு லைசென்ஸ் இல்லை, அபராதம் இல்லை' என்ற எண்ணம். சைக்கிளுக்கு ஓட்டுநர் உரிமம் வேண்டாம் என்பது சரி, சிக்னல் எல்லோருக்கும்தான்.

விளக்கும் மழையும்

என் அப்பா காலத்தில் டைனமோ எரியாமல் போனால் போலீஸ்காரர் சக்கரத்தில் காற்றைப் பிடுங்கிவிட்டு, தள்ளிக்கொண்டு போகச் சொல்வாராம். இன்று கேட்க ஆளில்லை. இரவு வேலைக்குப் போகும் காவலாளிகள், விடியற்காலையில் பேப்பர் போடும் பையன்கள், டீ கேன் கட்டிய சைக்கிள்காரர்கள் பெரும்பாலும் விளக்கே இல்லாமல்தான் போகிறார்கள். தெருவிளக்கில் நமக்கு வழி தெரிகிறதே என்று நினைக்கிறார்கள். விளக்கு வழி பார்க்க இல்லை, நம்மைப் பார்க்க வைக்க. சில நூறு ரூபாய்க்குச் சிவப்புப் பின்விளக்கு கிடைக்கிறது; அதுவும் முடியாவிட்டால் மட்கார்டில் ஒட்டும் பிரதிபலிப்பு ஸ்டிக்கர். கார்க்காரர் ஹை பீமைக் குறைத்தாலே எதிரே வரும் சைக்கிள்காரருக்குக் கண் கூசாது, பள்ளம் தெரியும்.

மழையில் தேங்கிய தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சைக்கிள்காரர் அதைச் சுற்றித்தான் போவார். அதை எதிர்பார்த்து இடைவெளி விடுங்கள். ரிம்மைப் பிடிக்கும் பழைய பிரேக் நனைந்தால் சரியாகப் பிடிக்காது என்பதும் ஞாபகம் இருக்கட்டும். தண்ணீரை வாரி அடித்துவிட்டுப் போகிறவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிதானம் தவறிவிடும், விட்டுவிடுகிறேன்.

சண்டை போடுவது

சைக்கிளுக்குத் தனி வழி போட்டால் இதெல்லாம் எதற்கு என்று தோன்றும். சென்னை மாநகராட்சி 2014-லேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது, போக்குவரத்துக்கான பணத்தில் 60 விழுக்காடு நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று அதில் இருக்கிறது. காகிதத்தில் இருப்பது சாலைக்கு வரும்வரை ஒரே தாரில்தான் எல்லோரும் போக வேண்டும்.

அதனால் உரசல் வரத்தான் செய்யும். உரசிப் போன காரின் மேல் கையால் தட்டுவது, துரத்திப் போய் முன்னால் நிறுத்துவது, பதிலுக்கு அவர் 'பாடம் கற்பிக்க' நெருக்கிக்கொண்டு வருவது, இவை எதிலும் சைக்கிள்காரர் ஜெயித்து நான் பார்த்ததில்லை. ஒரு தடவை நானே தட்டினேன். அடுத்த சிக்னல் வரை அவர் என்னை நடைபாதைக் கல்லோடு ஒட்டவைத்தே ஓட்டினார். இப்போதெல்லாம் வண்டி எண்ணை மனதில் வைத்துக்கொண்டு, மூச்சு சீரானபின் போக்குவரத்துக் காவல்துறைக்குத் தெரிவிப்பதோடு சரி.

நிஜமாகவே மோதிவிட்டால் நடக்கும் தவறு வேறு. 'பெரிய வண்டி மேல்தான் தப்பு' என்று கூட்டம் கூடும், கையில் கொஞ்சம் பணம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், சைக்கிள்காரரும் எழுந்து போய்விடுவார். வலி மறுநாள்தான் தெரியும். மோதிய வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம்; சைக்கிளில் போனவருக்குச் சொந்தக் காப்பீடு எதுவும் இல்லாவிட்டாலும் அதிலிருந்து இழப்பீடு கேட்கலாம். ஆனால் காவல் நிலையத்தில் பதிவு இல்லாமல் கேட்பது கஷ்டம். மோதியவர் நிற்காமல் போய், எந்த வண்டி என்றே தெரியாவிட்டாலும், 2022 ஏப்ரல் முதல் பலத்த காயத்துக்கு 50,000 ரூபாயும் உயிரிழப்புக்கு 2 லட்சமும் அரசுத் திட்டத்தில் உண்டு. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சை பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் இலவசம். 108-க்குக் கூப்பிட்டுவிட்டு 'போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ' என்று யாரும் நழுவ வேண்டியதில்லை. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, நல்லெண்ணத்தில் உதவுகிறவர் தன் பெயரைக்கூடச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.