வரும் வரும் என்று காத்திருந்த பெட்டி: குறும்பதிப்பு வீடியோ கேம் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் முன்பதிவு செய்த கேம் பெட்டி வீட்டுக்கு வந்து சேர 19 மாதங்கள் ஆயின. பேபால் என்ற இணையக் கட்டணச் சேவையில் பணத்தைத் திரும்பக் கேட்டுப் புகார் கொடுக்க எனக்கு இருந்த அவகாசமோ பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாள். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. ஐந்தாவது மாதக் கடைசியில், "கார்ட்ரிட்ஜ் உற்பத்திக்குப் போய்விட்டது, இன்னும் சில வாரங்கள்தான்" என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. நம்பினேன். ஏழாவது மாதம் விழித்துக்கொண்டபோது புகார் கொடுக்கும் பொத்தானே மறைந்துபோயிருந்தது. பிறகு பெட்டி வந்தது என் அதிர்ஷ்டம்.

இந்தப் பித்து இல்லாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இணையக் கடையில் தரவிறக்கமாக மட்டுமே கிடைக்கும் சிறிய கேம்களை, டிஸ்க்கிலோ, கருவியில் செருகி ஆடும் கார்ட்ரிட்ஜிலோ சில ஆயிரம் பிரதிகள் மட்டும் தயாரித்து விற்கும் சிறு நிறுவனங்கள் உண்டு. அமெரிக்காவின் லிமிடெட் ரன் கேம்ஸ் 2015இல் சோனியின் கையடக்கக் கருவியான பிளேஸ்டேஷன் வீட்டாவுக்கு 'பிரீச் அண்ட் கிளியர்' என்ற கேமை வெளியிட்டுத் தொடங்கியது. பிரிட்டனில் சூப்பர் ரேர் கேம்ஸ், ஜெர்மனியில் ஸ்டிரிக்ட்லி லிமிடெட் கேம்ஸ், பிரான்சில் ரெட் ஆர்ட் கேம்ஸ் என்று இந்தத் துறை பரவியது. வாங்குபவர்களைப் பைத்தியம் என்று சொல்லிவிட முடியாது. 'ஸ்காட் பில்கிரிம்' கேம் 2014 இறுதியில் இணையக் கடைகளிலிருந்து காணாமல் போய், 2021 ஜனவரியில்தான் திரும்பி வந்தது. நின்டெண்டோ 2023 மார்ச்சில் வீ யூ, 3டிஎஸ் என்ற தன் பழைய கருவிகளுக்கான இணையக் கடைகளை மூடியது. அலமாரியில் இருப்பதுதான் நம்முடையது என்ற எண்ணத்துக்கு நியாயம் இருக்கிறது.

சிக்கல் விற்கும் முறையில் இருக்கிறது. தொடக்க நாட்களில் பிரதிகளின் எண்ணிக்கையை முன்கூட்டியே நிர்ணயித்து விற்றார்கள், தீர்ந்தால் தீர்ந்ததுதான். இப்போது பெரும்பாலும் சில வாரங்களுக்கு முன்பதிவைத் திறந்துவைத்து, சேர்ந்த எண்ணிக்கையைப் பார்த்து, அதன் பிறகே உற்பத்திக்கு ஆர்டர் கொடுக்கிறார்கள். நின்டெண்டோவின் கார்ட்ரிட்ஜ் வேண்டுமென்றால் குறைந்தபட்ச எண்ணிக்கை உண்டு, பணமும் முன்கூட்டியே கட்ட வேண்டும். அந்தப் பணம் நாம் கட்டியது. ஆக, முன்பதிவுப் பொத்தானை அழுத்தும்போது நாம் செய்வது, முகம் தெரியாத ஒரு சிறு நிறுவனத்துக்கு வட்டியில்லாமல் கடன் கொடுப்பதுதான். இதை மனத்தில் வாங்கிக்கொண்டால் கீழே சொல்லும் தவறுகள் தாமாகவே புரியும்.

கெடு எப்போது முடிகிறது என்று பாராமல் இருப்பது

இதுதான் மற்ற எல்லாவற்றுக்கும் தாய்த் தவறு. பேபாலின் 180 நாள், பணம் கட்டிய தேதியிலிருந்து ஓடத் தொடங்குகிறது. பொருள் எப்போது வரும் என்று அறிவித்திருந்தாலும் அது மாறாது. புகார் தொடங்கிய பிறகு 20 நாட்களுக்குள் அதை பேபாலே தீர்ப்புச் சொல்லும் அடுத்த கட்டத்துக்கு உயர்த்தவில்லை என்றால் தானாக மூடிக்கொள்ளும். ஒருமுறை மூடிய புகாரை மீண்டும் திறக்க முடியாது. இந்தக் கடைசி விதியைத்தான் கவனிக்க வேண்டும். "புகாரை விலக்கிக்கொள்ளுங்கள், உடனே அனுப்பிவிடுகிறோம்" என்று வரும் பதில் பணிவாகத்தான் இருக்கும். கண்காணிப்பு எண் கைக்கு வந்து, அது கூரியர் தளத்தில் உண்மையில் நகர்வதைப் பார்க்கும் வரை விலக்காதீர்கள்.

கிரெடிட் கார்டில் அவகாசம் அதிகம். பொருள் வரவில்லை என்ற புகாருக்கு விசா கார்டு விதிப்படி, பொருள் வந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து 120 நாள் உண்டு. ஆனால் பணம் எடுக்கப்பட்ட நாளிலிருந்து மொத்தம் 540 நாளைத் தாண்டக் கூடாது. அதனால்தான் முன்பதிவு செய்யும் அன்றே, விற்பனைப் பக்கத்தில் "எதிர்பார்க்கப்படும் அனுப்பும் காலம்" என்று போட்டிருப்பதைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அந்த வரி சத்தமில்லாமல் மாறியிருக்கும். வங்கியிடம் பேசும்போது முதலில் சொன்ன தேதிதான் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம்.

பிரிட்டனில் இருக்கும் வாசகர்களுக்கு இன்னொரு வழி உண்டு. 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம் 75ஆம் பிரிவின்படி, விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை உள்ள பொருளைக் கிரெடிட் கார்டில் வாங்கினால், விற்றவரோடு சேர்த்துக் கார்டு நிறுவனமும் பொறுப்பாளி. சாதாரணப் பதிப்புகள் அந்த விலைக்கு எட்டாது. பெரிய சேகரிப்பாளர் பெட்டிகள் எட்டும். அமெரிக்காவில் மத்திய வர்த்தக ஆணையத்தின் விதி, சொன்ன காலத்துக்குள் அனுப்ப முடியாவிட்டால் வாடிக்கையாளரிடம் சொல்லிச் சம்மதம் பெற வேண்டும், இல்லையேல் பணத்தைத் திருப்ப வேண்டும் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இணைய வழியில் வாங்கிய நுகர்வோர், கேமின் முத்திரையைப் பிரிக்காமல் இருந்தால், பொருள் கைக்கு வந்து 14 நாள் ஆகும் வரை காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். "முன்பதிவுகளை ரத்து செய்ய இயலாது" என்று கடைக்காரர் தன் தளத்தில் கொட்டை எழுத்தில் போட்டுக்கொள்வதால் இந்த உரிமைகள் அழிந்துவிடுவதில்லை.

புகார் கொடுப்பதைத் துரோகம் போல நினைத்துத் தயங்குபவர்களும் உண்டு. நானும் அப்படித்தான் இருந்தேன். சின்ன நிறுவனம், பாவம், நல்ல கேம்களைக் காப்பாற்றுகிறார்கள் என்று. அந்தக் கரிசனத்தைக் கெடுவின் 150ஆம் நாள் வரை வைத்துக்கொள்ளலாம்.

அறிகுறிகளைத் தப்பாகப் படிப்பது

தாமதம் மட்டுமே அறிகுறி ஆகாது. ஒழுங்கான நிறுவனங்களும் தாமதிக்கின்றன: சோனி, நின்டெண்டோ ஒப்புதலில் மாதங்கள் போகும், கையேட்டின் அச்சுப் பிழையைத் திருத்த வாரங்கள் போகும். தாமதத்தோடு வேறு என்ன சேர்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

முதல் அறிகுறி, பழைய ஆர்டர்கள் தேங்கிக் கிடக்கும்போது புதிய அறிவிப்புகள் பெருகுவது. ஆர்வலர்கள் இதைச் சுறுசுறுப்பு என்று மகிழ்வார்கள். சீட்டுக் கம்பெனியைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த மகிழ்ச்சி வரக் கூடாது. புதிதாகச் சேர்ந்தவர் கட்டிய பணத்தில் பழையவருக்குப் பட்டுவாடா நடக்கிறது என்றால், புதியவர் வருவது நிற்கும் நாளில் என்ன ஆகும் என்று நம் தெருவிலேயே பார்த்திருக்கிறோம். நிறுவனத்தின் தளத்துக்குப் போய், பணம் வாங்கிவிட்டு இன்னும் அனுப்பாத கேம்கள் எத்தனை என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அந்தப் பட்டியல் மூன்று மாதத்தில் சுருங்குகிறதா, நீள்கிறதா என்பது அவர்களின் எந்த அறிக்கையைவிடவும் தெளிவாகப் பேசும்.

இரண்டாவது, பணம் கட்டும் வழிகள் குறைவது. நேற்று வரை இருந்த பேபால் இன்று இல்லை, வங்கி வழியே நேரடியாக அனுப்பினால் தள்ளுபடி என்றால், அங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். புகார்கள் குவியும் கடைகளின் பணத்தைக் கட்டண நிறுவனங்கள் நிறுத்திவைக்கும், சில சமயம் கணக்கையே மூடும். வங்கி வழியே நேரடியாக அனுப்பிய பணமோ கிணற்றில் போட்ட கல்.

மூன்றாவது, பணத்துக்குப் பதில் கடையிலேயே செலவழிக்கும் வரவு தருகிறோம் என்பது. சிலர் 20 சதவீதம் கூடுதலாகத் தருகிறார்களே என்று வாங்கிக்கொள்வார்கள். அதை ஏற்றுக்கொண்ட கணத்தில் கார்டுப் புகாருக்கான உங்கள் நியாயம் பலவீனமாகிவிடும். கையில் மிஞ்சுவது, நாளை இருக்குமா என்று தெரியாத கடையின் கூப்பன்.

நான்காவதை நம்மில் பலர் கவனிப்பதே இல்லை. கேமை உருவாக்கியவர்கள் என்ன சொல்கிறார்கள்? சிறிய படைப்பாளிகளுக்குச் சேர வேண்டிய பங்கு நிற்கத் தொடங்கினால், அவர்கள் முதலில் மௌனமாவார்கள், பிறகு பொதுவெளியில் எழுதுவார்கள், பிறகு வேறு நிறுவனத்தோடு அதே கேமை அறிவிப்பார்கள். வாடிக்கையாளருக்கு உண்மை தெரிவதற்கு வெகு முன்பே அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

பெரிய கை பின்னால் இருக்கிறது என்று நம்புவது

லிமிடெட் ரன் கேம்ஸை ஸ்வீடனின் பெரிய கேம் குழுமமான எம்ப்ரேசர் 2022 ஆகஸ்டில் வாங்குவதாக அறிவித்தது. இனிப் பயமில்லை என்றார்கள் பலர். அடுத்த ஆண்டு மே மாதத்திலேயே, குழுமம் எதிர்பார்த்திருந்த 200 கோடி டாலர் அளவிலான ஒப்பந்தம் கைநழுவியது; ஆட்குறைப்பு தொடங்கியது; குழுமத்தின் கையில் இருந்த, 1993இல் பிறந்த வாலிஷன் என்ற கேம் ஸ்டுடியோ 2023 ஆகஸ்டில் மூடப்பட்டது. லிமிடெட் ரன் அந்தப் புயலைத் தாண்டி நின்றது, சரி. தாய் நிறுவனம் பெரிது என்பதால் உங்கள் முன்பதிவுக்குத் தனிக் காப்பு எதுவும் வந்துவிடுவதில்லை.

எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடுவது

கையிருப்பில் உள்ள ஒன்று, முன்பதிவில் உள்ள மூன்று என்று ஒரே ஆர்டரில் போட்டால் கூரியர் கட்டணம் மிச்சமாகும். ஆனால் பல கடைகள் கடைசிப் பொருள் வந்த பிறகே முழுப் பெட்டியையும் அனுப்பும். அங்கே தயாராக இருக்கும் கேம், இன்னும் உற்பத்திக்கே போகாத கேமுக்காகக் கிடங்கில் தூங்கும். தனித்தனியாக வாங்குங்கள். புகார் கொடுக்க நேர்ந்தாலும் தனித்தனி ரசீது இருந்தால் வேலை எளிது.

சேகரிப்பாளர் பெட்டிக்கும் இதே கதைதான். கார்ட்ரிட்ஜ் தயாராகிவிடும், கூட வரும் பொம்மைச் சிலையும் இசைத்தட்டும் வேறு வேறு தொழிற்சாலைகளிலிருந்து வர வேண்டும். ஒன்று தாமதித்தால் எல்லாம் தாமதம். சிக்கலில் இருக்கும் நிறுவனத்திடம் வாங்கியே ஆக வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால், சாதாரணப் பதிப்போடு நிறுத்திக்கொள்வது நல்லது.

காத்திருக்கும் காலத்தில் வரி விதிகளும் மாறிவிடும். 800 டாலர் வரையிலான பொருள்களுக்கு இருந்த சுங்க விலக்கை அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தியது. அதற்கு முன் ஐரோப்பாவில் முன்பதிவு செய்து, பெட்டிக்காக அதன் பிறகும் காத்திருந்த அமெரிக்க வாசகரின் கணக்கில் இல்லாத செலவு அது. வீடு மாறியவர்கள் தளத்தில் முகவரியை மாற்ற மறப்பதும் சாதாரணமாக நடக்கிறது. 19 மாதத்தில் நானே ஒரு வாடகை வீடு மாறினேன்.

டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று கேட்காமல் வாங்குவது

பெட்டி வந்தால் கேமும் வந்துவிட்டதாக நினைக்கிறோம். 2018இல் வெளிவந்த 'ஸ்பைரோ ரீஇக்னைட்டட் டிரிலஜி'யில் மூன்று கேம்கள் என்று பெயர். இரண்டையும் மூன்றையும் ஆட இணையத்திலிருந்து இறக்க வேண்டியிருந்தது. 2025இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2இல் 'கேம் கீ கார்டு' என்று ஒரு வகை இருக்கிறது. கார்டைச் செருகாமல் ஆட முடியாது, ஆனால் கேம் அதில் இல்லை. முழுவதையும் தரவிறக்க வேண்டும். அந்தத் தரவிறக்கத்தை நின்டெண்டோ ஒரு நாள் நிறுத்தினால் உங்கள் அலமாரியில் இருப்பது சாவி மட்டும், வீடு இருக்காது.

பழைய கருவிகளுக்கான மறுபதிப்பில் இன்னொன்றையும் கேட்க வேண்டும். 1990களின் 3டிஓ கருவிக்காக 'டி' என்ற திகில் கேமை லிமிடெட் ரன் மறுபதிப்பாக விற்றபோது, வந்தவை தொழிற்சாலையில் அச்சு வார்த்த டிஸ்க்குகளாக இல்லாமல் வீட்டுக் கணினியில் எழுதும் வகை டிஸ்க்குகளாக இருந்ததை 2024இல் வாங்கியவர்கள் கண்டுபிடித்தார்கள். எழுதும் வகை டிஸ்க்கின் அடிப்பக்கம் ஊதா அல்லது பச்சை கலந்த சாயலில் தெரியும். வார்த்த டிஸ்க் வெள்ளி நிறம். அந்தச் சாயம் காலப்போக்கில் மங்கும், சில பழைய கருவிகள் அதைப் படிக்கவும் திணறும். நிறுவனம் மன்னிப்புக் கேட்டு மாற்று டிஸ்க் தருவதாகச் சொன்னது. வாங்கிய பெட்டியைப் பிரிக்காமல் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தவர்களுக்கு இது தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை என்பது எனக்குக் கொஞ்சம் சிரிப்பாகவும் இருந்தது.

பிளேஸ்டேஷன் 4, 5 டிஸ்க்குகளில் இன்னொரு பொறி: டிஸ்க் எந்த நாட்டுக் கருவியிலும் ஓடும், ஆனால் அதற்கான கூடுதல் பகுதிகளை டிஸ்க்கின் பிராந்தியத்துக்குரிய கணக்கிலிருந்துதான் வாங்க முடியும்.

விலை ஏறும் என்று வாங்குவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2021 ஜூலையில் பிரிக்காத 'சூப்பர் மரியோ 64' ஒன்று 15.6 லட்சம் டாலருக்கு ஏலம் போனதிலிருந்து இந்த நோய் பரவியது. 'லிமிடெட்' என்பது சட்டச் சொல் அல்ல. வேறு அட்டையோடு மறுபதிப்பு வருவதை யாரும் தடுக்க முடியாது.

நிறுவனம் விழுந்த பிறகு

திவால் செய்தி வந்ததும் பெரும்பாலோர் கையை உதறிவிடுகிறார்கள். அதுவும் தவறு. முன்பதிவு செய்தவர் பிணையில்லாமல் கடன் கொடுத்தவர் என்ற வரிசையில் பின்னால்தான் நிற்பார், உண்மை. ஆனால் கார்டுப் புகாருக்கான கெடு பாக்கி இருந்தால் கடை மூடிய பிறகும் அதைத் தொடுக்கலாம். கெடு போயிருந்தால், நீதிமன்றம் நியமிக்கும் நிர்வாகியிடம் குறித்த தேதிக்குள் உங்கள் தொகையைப் பதிந்துவையுங்கள். ஆர்டர் எண், ரசீது, பணம் போனதற்கான வங்கி வரி ஆகியவை வேண்டும். நிறுவனத்தின் தளம் திடீரென்று மறையும். உங்கள் ஆர்டர் வரலாறும் அதோடு போகும். அதனால் இவற்றை இன்றே தரவிறக்கி வையுங்கள்.

இப்போது எனக்கு ஒரே ஒரு முன்பதிவு நிலுவையில் இருக்கிறது. 150ஆம் நாள் வரும் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. நாட்காட்டியில் அந்தக் கட்டத்தைச் சிவப்பால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை இரவு வரை கண்காணிப்பு எண் வராவிட்டால், எழுத வேண்டிய புகார் ஏற்கெனவே தயாராக இருக்கிறது.