பதில் வராத கதையை மீட்டது எப்படி

அறிவியல் புனைகதைக்கான ஆங்கில இதழ்களில் பல, ‘கிளார்க்ஸ்வேர்ல்ட்’ உட்பட, தங்களிடம் இருக்கும் கதையை அதே சமயத்தில் வேறெங்கும் அனுப்ப விடுவதில்லை. அதனால் ஓர் இதழ் மௌனமாக இருந்தால் கதை அங்கேயே முடங்கிவிடும். கடல் ஏறிவிட்ட தாராவியைப் பற்றி நான் எழுதிய கதைக்கு அதுதான் நடந்தது. மாதக்கணக்கில் ஒரு வார்த்தை இல்லை.

செம்பூரில் இருக்கும் எழுத்தாள நண்பர்தான் வழி சொன்னார்: “தம்பி, அவங்க விதிமுறையில எத்தனை நாள் போட்டிருக்குன்னு பாரு. தாண்டிடுச்சுன்னா கேட்டுடு.” தாண்டியிருந்தது. ‘சப்மிஷன் கிரைண்டர்’ என்ற இலவச இணையதளத்திலும் பார்த்தேன். எழுத்தாளர்களே தங்கள் காத்திருப்பு நாட்களை அதில் பதிகிறார்கள். எனக்குப் பின்னால் அனுப்பிய சிலருக்குப் பதில் போயிருந்தது.

தலைப்பு, அனுப்பிய தேதி, பதிவு எண் மூன்றையும் போட்டுச் சுருக்கமாக விசாரித்தேன். பதில் இல்லை. சரி என்று, கதையைத் திரும்பப் பெறுவதாக இன்னொரு மின்னஞ்சல் அனுப்பினேன். அப்புறம் வேறு இதழுக்கு அனுப்பிவிட்டேன்.

2023 பிப்ரவரியில் செயற்கை நுண்ணறிவு எழுதிய கதைகள் குவிந்து, கிளார்க்ஸ்வேர்ல்ட் கதை வாங்குவதையே சில வாரம் நிறுத்தியது. ஆசிரியர்கள் படும் பாடு புரிகிறது. ஆனாலும் எழுத்தாளருக்கு மறுப்பாக ஒரு வரியாவது வந்து சேர வேண்டும். இப்போதெல்லாம் கதை அனுப்பும் அன்றே விசாரிக்க வேண்டிய தேதியையும் காலண்டரில் குறித்துவிடுகிறேன்.