வெள்ளி பூத்த இரவில் படங்கைத் தேடுங்கள்

கனடாவில் இருக்கும் என் மச்சான் மாசி மாதம் முழங்கால் வரை ஸ்னோவில் நின்று போட்டோ அனுப்புவான். "உங்க ஊர்லயும் பனியாமே?" என்று கேலி வேறு. நுவரெலியாவில் ஸ்னோ பெய்வதில்லைதான். ஆனால் கந்தப்பளைப் பக்கம் எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, கீழே கிடக்கும் உருளைக்கிழங்கைக் கருக்க, புல்லிலும் இலையிலும் ஐஸாக உறையும் வெள்ளைப் பனி ஒரே ஒரு இரவு போதும்.

எந்த இரவு என்று தெரிந்துகொள்வதுதான் பாதி வேலை. வானொலியில் 4 பாகை என்று சொன்னால், பூச்சியத்துக்குப் போகவில்லையே என்று படுத்துவிடாதீர்கள். அவர்கள் அளக்கும் கருவி தரையிலிருந்து ஏறக்குறைய நாலடி உயரத்தில், பெட்டிக்குள் இருக்கிறது. புல் நுனியில் குளிர் அதைவிடக் கடுமை. நான் பார்ப்பது அடுப்புப் புகையை. பகலெல்லாம் சுள்ளென்ற வெயில், பின்னேரம் மேகமில்லை, காற்றில்லை, புகை மேலே ஏறாமல் பள்ளத்தில் படுத்துக் கிடக்கிறது, இருட்டியதும் வானம் நிறைய வெள்ளி. அன்றைக்குப் பனி விழும். மூட்டமோ காற்றோ இருந்தால் பெரும்பாலும் பயமில்லை.

அப்படித் தெரிந்தால், வெயில் இருக்கும்போதே பாத்தி மண்ணை நனைத்துவிடுங்கள். ஈர மண் பகல் சூட்டைப் பிடித்து வைத்து இரவில் மெல்ல விடும். காய்ந்த மண்ணுக்கு அந்தக் குணம் குறைவு.

குளிர்காற்றும் தண்ணீர் மாதிரி கீழேதான் ஓடும். எங்கள் அடிப் பாத்தி மூன்றும் வருடா வருடம் முதலில் கருகின. காரணம் நானேதான். ஆடு வரக்கூடாது என்று கீழ் ஓரத்தில் புல்லை அடர்த்தியாக வேலி வைத்திருந்தேன், அது குளிரை அணை போட்டுத் தேக்கிவிட்டது. இப்போது தண்ணீர் ஓடக் கான் (வடிகால்) வெட்டுவது போல வேலியில் இரண்டு இடம் திறந்திருக்கிறேன். அடிப் பாத்தியில் லீக்ஸ், கோவா போடுங்கள், அவை தாங்கும். போஞ்சியும் உருளைக்கிழங்கும் மேலே இருக்கட்டும்.

மூடுவது இருட்டுவதற்கு முன்பே நடக்க வேண்டும். முதல் வருடம் நீலப் படங்கை (தார்ப்பாயை) அப்படியே செடிமேல் விரித்தேன். காலையில் பார்த்தால் படங்கு தொட்ட இலையெல்லாம் கறுப்பு. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஒரு கட்டு மானாப் புல்லைக் கொண்டுவந்து போட்டார். புல்லைத் தளர்வாகப் பரப்பினால் போதும். படங்குதான் இருக்கிறது என்றால் கம்பு நட்டு, இலையில் படாமல் கட்டுங்கள். வெயில் ஏறியதும் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் உள்ளே வெந்துபோகும்.

மூட முடியாத இடத்துக்குக் காலைத் தண்ணீர். சூரியன் மலைக்கு மேலே வருவதற்குள், மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீரைக் குழாயில் மெல்லிய தூறலாக அடிக்க வேண்டும். ஐஸ் முழுக்கக் கரையும் வரை நிறுத்தக்கூடாது. பாதியில் விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனால், தெளித்த தண்ணீரும் உறைந்து இன்னும் மோசமாகும். அதனால் தேநீரை முதலில் குடித்துவிடுங்கள்.

கருகிவிட்டதா? உடனே கத்தியை எடுக்காதீர்கள், யூரியாவும் போடாதீர்கள். தேயிலைச் செடியாக இருந்தாலும் பொறுத்திருந்து எந்தக் கணுவில் பச்சை வருகிறது என்று பார்த்து, அதற்கு மேலே வெட்டலாம். இளம் உருளைக்கிழங்கு பல நேரம் அடியிலிருந்து திரும்பத் துளிர்க்கும்.

அப்புறம், மூடிய மானாப் புல்லை வாரி எடுத்து மேட்டில் குவியுங்கள். பங்குனி, சித்திரையில் பின்னேரம் இடியோடு மழை கொட்டும்போது, அந்தப் புல் கானுக்குள் போய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் நேராக லயத்து வாசலுக்கு வரும். எங்கள் வீட்டில் அரிசி மூட்டை நனைந்தது அப்படித்தான்.