கணுக்கால் ஆடாத பனிச்சறுக்குக் காலணி: என் அனுபவம்

குளிர்காலந்தோறும் பாளையங்கோட்டையிலிருந்து நார்வேயிலுள்ள மகள் வீட்டுக்குச் செல்லும் எனக்கு, அறுபதைக் கடந்தபின், சமதளப் பனிச்சறுக்கில் கணுக்கால் ஆடுவதே பெருந்தொல்லையாக இருந்தது. கணுக்காலுக்கு மேலும் உயர்ந்து, பட்டையால் இறுகப் பிடிக்கும் காலணிக்கு மாறியதும் அது தீர்ந்தது. தாமிரபரணிக் கரையில் வெறுங்காலோடும் பின்னர்ச் செருப்போடும் நடந்து விரல்கள் விரிந்துபோன நம் ஊர்க் கால்களுக்கு முன்பகுதி அகலமாகவும், குதிகால் உள்ளே எழும்பாமலும் இருக்க வேண்டும். ஆகவே கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், கம்பளிக் காலுறையோடு போட்டுப் பார்த்தே வாங்கினேன்.

காலணியைச் சறுக்குப் பலகையோடு பூட்டும் பிணைப்பான் என்.என்.என். (New Nordic Norm) வகை. குனிந்தால் முதுகு பிடித்துக்கொள்வதால், மிதித்தவுடன் காலணி நுனியின் உலோகத் தண்டைப் பூட்டிக்கொண்டு, ஊன்றுகோல் முனையால் அழுத்தினால் திறக்கும் தானியங்கி அமைப்பே எனக்குப் பொருந்தியது. தண்டருகே பனி அடைத்திருந்தால் பூட்டாது என்பதால், முதலில் அதைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். தடம் போடாத பனிவெளிக்கான என்.என்.என். பி.சி. (Backcountry) வகைக் காலணியின் தண்டு தடிமனானது, இதில் சேராது.