கன்னியாகுமரி முதல் பூவார் வரை: கரையோரமாகக் காரில் போவது எப்படி?

நாகர்கோவில், மார்த்தாண்டம் வழியாகப் போகும் நெடுஞ்சாலையை விட்டுவிடுங்கள். அதில் கடல் கண்ணில் படாது. எங்கள் மாவட்டத்தின் அழகு மீனவர் ஊர்களைக் கோத்துச் செல்லும் குறுகிய சாலையில்தான் இருக்கிறது.

கன்னியாகுமரியில் தொடங்கி மேற்கே ஓட்டுங்கள். அப்போது கடல் இடப்பக்கம் வரும். நினைத்த இடத்தில் ஓரங்கட்டலாம். காலை வெயிலும் கண்ணில் அடிக்காது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் சில ஊர்களில் அலை சாலைக்கே ஏறிவரும்.

முதலில் மணக்குடி. பழையாறு கடலில் கலக்கும் இடம். இங்கிருந்த பாலத்தை 2004 சுனாமி அடித்துச் சென்றது. இப்போதுள்ள பாலத்தைத் தாண்டி வண்டியை நிறுத்திவிட்டு, நடந்து வந்து காயலை, அதாவது உப்பங்கழியை, பாருங்கள். ராஜாக்கமங்கலம் பக்கம் சாலை உள்ளே விலகும். முட்டத்தில் கடல் மீண்டும் வரும்.

முட்டத்துக்கு ஒரு மாலை முழுவதையும் கொடுங்கள். செம்மண் மேடு, கலங்கரை விளக்கம், கடலுக்குள் இறங்கும் பாறைகள் என்று எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கின்றன. ஈரப் பாறையில் மட்டும் ஏறவே ஏறாதீர்கள். அமைதியாகத் தெரியும் கடல் அங்கே ஆளை இழுத்துவிடும்.

மறுநாள் மணவாளக்குறிச்சியில் கரிய மணலைக் காணலாம். இல்மனைட், மோனசைட் என்ற கனிமங்கள் கலந்த மணல் அது. அடுத்து மண்டைக்காடு, பிறகு குளச்சல். 1741இல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களை வென்றது இங்கேதான்; வெற்றித்தூண் நிற்கிறது. பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் பின்னாளில் திருவிதாங்கூரின் படைத்தலைவரானார். இத்தனை பெரிய வரலாற்றைத் திரும்பிப் பார்க்காமல் பலர் கடந்து போவது எனக்கு வருத்தம். இறங்கிப் பாருங்கள்.

வழியெங்கும் சாலையோரத்தில் வலை காயும். அதன்மேல் சக்கரம் ஏறக் கூடாது. ஒரு குடும்பத்தின் பிழைப்பு அது. ஞாயிற்றுக்கிழமை ஆலயக் கூட்டம் சாலையை நிறைத்தால் ஹாரன் அடிக்காமல் காத்திருங்கள்.

மதியச் சாப்பாட்டுக்குத் தேங்காப்பட்டணம். மரச்சீனிக்கிழங்கும் (மரவள்ளி) சாளைக் குழம்பும் (மத்தி மீன்) கிடைத்தால் வேறெதையும் கேட்காதீர்கள். பிறகு புதுக்கடை, நித்திரவிளை, கொல்லங்கோடு, ஊரம்பு வழியாகக் கேரள எல்லையைக் கடந்தால் பூவார். நெய்யாறு கடலைச் சேரும் பொழிமுகத்துக்குப் படகில்தான் போக வேண்டும். ஏறுவதற்கு முன்பே கட்டணத்தையும் நேரத்தையும் பேசி முடித்துவிடுங்கள்.