வெளியூர் ஓவியர் வருகிறார்: ஊரில் ஒருநாள் படமும் கவிதையும் பட்டறை நடத்துவது எப்படி?

உங்கள் ஊர் வாசிகசாலை, அறநெறிப் பாடசாலை, இளைஞர் கழகம் ஏதோவொன்றின் பெயரில் ஓர் ஓவியரையோ கவிஞரையோ அழைத்திருக்கிறீர்கள். அவரும் வருவதாகச் சொல்லிவிட்டார். இப்போது என்ன செய்வது? இதை முதல்முறையாக ஏற்பாடு செய்யும் இளம் ஆசிரியர்களுக்கும் வாசிகசாலைக்காரர்களுக்கும் இந்த விளக்கம்.

வளவாளர், அதாவது பட்டறை நடத்த வரும் கலைஞர், எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடாதீர்கள். கிழக்கிலங்கையில், மட்டக்களப்பில், கூத்துப் பழக்க அண்ணாவியாரை (கூத்து ஆசிரியரை) அழைக்கும்போது ஊர் எப்படி நடந்துகொள்ளும் என்று பெரியவர்களிடம் கேட்டுப்பாருங்கள். சட்டம் கொடுப்பது (அவரவர் பாத்திரத்துக்கான பாடல்களைக் கொடுப்பது) முதல் சதங்கை அணி, அடுக்குப் பார்த்தல் (முழு ஒத்திகை), அரங்கேற்றம் வரை அண்ணாவியார் பழக்குவார். களரி (ஆடுமிடம்) போடுவது, சாப்பாடு கொடுப்பது, ஆட்களைச் சேர்ப்பது எல்லாம் ஊரின் வேலை. அண்ணாவியார் போன பிறகும் கூத்து ஊரில் நிலைத்து நிற்கும். வெளியிலிருந்து கலைஞரை அழைத்துக் கற்கும் முறை நமக்குப் புதிதில்லை.

பிள்ளைகளோடு ஓவியம் செய்வதற்கும் இங்கே முன்னோடி உண்டு. போர் நடந்துகொண்டிருந்த 1996இல் மட்டக்களப்பு நகரில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா அது. கனடாவிலிருந்து வந்த ஓவியர் போல் ஹோகனும், இங்குள்ள இயேசு சபைக் குருவான போல் சற்குணநாயகம் அடிகளாரும் சேர்ந்து உருவாக்கியது. வெளியிலிருந்து வந்தவரின் கைத்திறனும் உள்ளூர் ஆளின் பிள்ளைப் பரிச்சயமும் ஒரே இடத்தில் இருக்கவேண்டும் என்பதை நான் அதிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: நாளும் இடமும்

சனிக்கிழமை அல்லது ஏப்ரல், ஓகஸ்ட் விடுமுறை நல்லது. ஞாயிறு காலையில் தேவாலயமும் அறநெறி வகுப்பும் இருக்கும். கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று, காத்தான்குடிப் பக்கம் என்றால் வெள்ளிக்கிழமையும் நோன்பு மாதமும் வேண்டாம். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் சடங்கு நடக்கும் ஊர்களில் பிள்ளைகளைப் பிடிக்கவே முடியாது, சடங்கு முடியட்டும். மார்கழி விடுமுறையில் வைக்காதீர்கள், மழை வரும்.

ஜூன், ஜூலையில் கச்சான் காற்று அடிக்கும். வண்ணம் சீக்கிரம் காயும், ஆனால் தாள் ஒன்றும் மேசையில் நிற்காது. ஆளுக்கு இரண்டு கூழாங்கல் எடுத்து வையுங்கள். வாவிக்கரையிலோ மரத்தடியிலோ வரைவதென்றால் காலை 9.30க்குள் முடித்துவிட்டு உள்ளே வந்துவிட வேண்டும்.

ஒரு வளவாளருக்கு 20 பிள்ளைகள் போதும். தரம் 6 முதல் 9 வரை சேர்த்து எடுக்கலாம். தரம் 5 பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் நெருக்கடி; அவர்களைப் பரீட்சை முடிந்த பிறகு அழையுங்கள்.

படி 2: வளவாளரோடு முன்கூட்டியே பேசுவது

தொலைபேசியில் அரை மணி நேரம் பேசுங்கள். எத்தனை பிள்ளைகள், என்ன வயது, மேசை உண்டா அல்லது பாயில் இருக்கவேண்டுமா, தண்ணீர்க் குழாய் எங்கே என்று சொல்லுங்கள். பயணச் செலவு, தங்குமிடம், கொடுப்பனவு ஆகியவற்றை அப்போதே தெளிவாகப் பேசி முடியுங்கள். கலைஞரிடம் பணத்தைப் பற்றிக் கேட்கக் கூச்சப்பட்டு, கடைசியில் பொன்னாடையோடு அனுப்பிவைக்கும் வழக்கம் நம் பக்கம் இருக்கிறது. அந்த வழக்கத்தை விடவேண்டும்.

வளவாளருக்குத் தமிழ் தெரியாதென்றால் மொழிபெயர்க்க ஒருவர் வேண்டும். மேடையில் நின்று வசனம் வசனமாக மொழிபெயர்ப்பவரை விட, பிள்ளைகளுக்கு நடுவே இருந்து மெல்லச் சொல்லிக்கொடுப்பவர் நல்லவர். கவிதை எழுதும் நேரத்தில் அவரும் பேசாமல் இருக்கவேண்டும். பிள்ளை தன் மொழியில் எழுதி முடிக்கட்டும், பிறகு மொழிபெயர்க்கலாம்.

மங்கல விளக்கு, வரவேற்புரை, பிரதம அதிதி உரை என்று வைத்தால் காலையில் ஒன்றரை மணி நேரம் போய்விடும். பிள்ளைகளின் கை சுறுசுறுப்பாக இருக்கும் நேரம் அதுதான். அதிதிகளை மாலையில் கண்காட்சிக்கு அழையுங்கள், பார்ப்பதற்கு ஏதாவது இருக்கும்.

படி 3: தலைப்புக் கொடுக்காதீர்கள், பொருள் கொடுங்கள்

இந்தப் பட்டறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

"இயற்கை", "சமாதானம்", "தாய்" என்று தலைப்புக் கொடுத்தால், பிள்ளைகள் பாடசாலைப் போட்டிகளில் ஏற்கனவே பாடமாக்கி வைத்திருப்பதை எழுதுவார்கள். படத்திலும் இரண்டு மலை, நடுவில் சூரியன் வரும். மலை பார்க்காத கடற்கரைப் பிள்ளையும் அதைத்தான் வரையும். அது பிள்ளையின் குறையில்லை. தலைப்பு என்று சொன்னதும் எது எதிர்பார்க்கப்படுகிறது என்று அதற்குத் தெரியும்.

அதனால் ஒவ்வொருவரும் வீட்டில் பாவிக்கும் ஒரு பொருளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். வீச்சுவலைத் துண்டு, பன்பாய் பின்னும் பன், மருதமுனைத் தறியில் மிஞ்சிய நூல், தேய்ந்த துருவலை அலகு, வாப்பாவின் பழைய பூட்டு, உம்மம்மாவின் பாக்குவெட்டி. விலையுயர்ந்தது வேண்டாம், உடையக்கூடியதும் வேண்டாம். மனித உருவமோ மிருகமோ வரைவதை விரும்பாத குடும்பங்கள் சில உண்டு. பொருளை வரைவதென்றால் அந்தப் பிள்ளைகளும் சங்கடமில்லாமல் சேர்ந்துகொள்வார்கள்.

இன்னொன்று. சுனாமியையோ போரையோ வரையச் சொல்லி எந்தப் பிள்ளையையும் கேட்கக்கூடாது. இன்றைய பிள்ளைகள் 2004க்கும் 2009க்கும் பிறகு பிறந்தவர்கள்தான், ஆனாலும் அந்தக் கதைகள் வீட்டுக்குள் இருக்கின்றன. ஒரு பிள்ளை தானாகவே அதை வரைந்தால் பக்கத்தில் இருங்கள், கேள்வி மேல் கேள்வி கேட்காதீர்கள். அந்தப் படத்தைச் சுவரில் மாட்டுவதா இல்லையா என்பதைப் பிள்ளையே சொல்லட்டும்.

படி 4: பொருட்கள்

கடையில் வாங்குவது கொஞ்சம்தான்: 80 கிராம் ஏ4 தாள் ஒரு கட்டு, வண்ணத்துக்கு 160 கிராம் தாள் அல்லது வெட்டிய பிறிஸ்டல் போர்ட், பென்சில், கத்தரிக்கோல், தூரிகை. மெல்லிய தாளில் தண்ணீர் பட்டால் சுருளும், அதனால்தான் இரண்டு வகை. ஒட்டுவதற்குக் கோதுமை மாப் பசை காய்ச்சிக்கொள்ளலாம்.

கரி நாமே செய்யலாம். விரலை விட மெல்லிய, நேரான, காய்ந்த குச்சிகளின் பட்டையை உரித்து, வெறும் பால்மா டின்னுக்குள் நெருக்கமாக அடுக்குங்கள். மூடியில் ஆணியால் ஒரு துளை போட்டு மூடி, டின்னை அடுப்பு நெருப்பில் வையுங்கள். துளையால் புகை வரும். புகை நின்றதும் எடுத்து, மூடியைத் திறக்காமல் நன்றாக ஆறவிடுங்கள். சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டுக் குச்சிகள் சாம்பலாகிவிடும். முதல்நாளே பெரியவர்கள் செய்துவைக்க வேண்டிய வேலை இது.

வண்ணங்கள் சமையலறையிலும் வேலியிலும் இருக்கின்றன. மஞ்சள் தூளைக் கொஞ்சத் தண்ணீரில் குழைத்தால் மஞ்சள். அதில் வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு கிள்ளு சேர்த்தால் செங்கல் சிவப்பு. நீலக் காக்கணவன் பூவை அரைக் கோப்பைச் சுடுதண்ணீரில் ஊறவைத்தால் நீலம். அதில் தேசிக்காய்ப் புளி சொட்டுச் சொட்டாக விட்டால் ஊதாவாகும், இன்னும் விட்டால் இளஞ்சிவப்புப் பக்கம் போகும். கடும் பிளேன்டீ நல்ல மண்ணிறம் தரும். நிறம் மாறுவதைப் பிள்ளைகள் கண்முன்னாலேயே செய்து காட்டுங்கள். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து, ஆகவே அதை ஒரு பெரியவர் மட்டுமே கையாள வேண்டும். மஞ்சள் வெயிலில் வெளிறும் என்பதால் அந்தப் படங்களை வெயில் விழும் சுவரில் மாட்டாதீர்கள்.

படி 5: காலையில் கை பழகுவது

முதல் பயிற்சி தாளைப் பார்க்காமல் வரைவது. பொருளை முன்னால் வைத்து, அதன் ஓரத்தில் கண்ணை ஓட்டவேண்டும். எறும்பு ஊர்வதுபோல மெதுவாக. கண் எங்கே போகிறதோ, பென்சிலும் அங்கே போகவேண்டும். தாளைக் குனிந்து பார்க்கக்கூடாது, பென்சிலைத் தூக்கக்கூடாது. 5 நிமிடம். முடிந்ததும் கோணல் மாணலாக ஒன்று நிற்கும், பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் "எனக்குப் படம் வராது" என்ற பயம் போய்விடும். ஏனென்றால் ஒருவருக்கும் சரியாக வந்திருக்காது, வளவாளருக்கும்தான். அவரையும் கட்டாயம் செய்யச் சொல்லுங்கள். இதை மூன்று முறை செய்யலாம்.

பிறகு கரி. தாள் முழுவதையும் கரியால் தேய்த்து இருட்டாக்கி, ஒளி விழும் இடங்களை அழிறப்பரால் எடுத்தால் பொருள் வெளியே வரும். அதற்குப் பிறகே வண்ணம், பெரிய தாளில். இந்தப் பகுதியை வளவாளரிடம் முழுதாக விட்டுவிடுங்கள். தண்ணீர் மாற்றுவது, தாள் கொடுப்பது உங்கள் வேலை. பிள்ளையின் கையிலிருந்து தூரிகையை வாங்கித் திருத்த யாரும் போகக்கூடாது, முக்கியமாகப் பெற்றோர்.

படி 6: சொல்லுக்கு வருவது

சாப்பிட்டு, கொஞ்சம் ஓடி விளையாடிய பிறகு, பொருளை மறுபடி கையில் எடுக்கச் சொல்லுங்கள். "கவிதை" என்ற பேச்சே இன்னும் வேண்டாம். கண்ணை மூடித் தடவட்டும், மணக்கட்டும், தட்டிப் பார்க்கட்டும். கைக்கு என்ன பட்டது, மூக்குக்கு என்ன வந்தது, என்ன சத்தம், எங்கே தேய்ந்திருக்கிறது, யார் கை அதிகம் பட்டது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதட்டும். வீட்டில் பேசுகிற மாதிரியே எழுதலாம் என்று உரக்கச் சொல்லுங்கள். "போகல்ல", "கிடக்கு" எல்லாம் வரலாம்.

ஒரு மணி நேரத்துக்கு மட்டும் சில சொற்களுக்கு விடுமுறை: அழகு, இனிமை, மகிழ்ச்சி, நண்பன், போன்றது. பலகையில் எழுதி வையுங்கள்.

வித்தியாசம் எப்படி வரும் என்பதைக் காட்ட ஓர் உதாரணம் எழுதுகிறேன். வலைத் துண்டைப் பற்றி முதலில் இப்படி வரும்:

வலை மிகவும் அழகானது
அது மீனவனின் நல்ல நண்பன்

தொட்டு, மணந்து, தேய்ந்த இடத்தைத் தேடிய பிறகு இப்படி வரலாம்:

முடிச்சுக்கு முடிச்சு உப்பு.
ஓரிடத்தில மட்டும் வேற நிற நூல்,
அம்மா பொத்தினது.
அதுக்குள்ளால ஒரு மீனும் போகல்ல.

இரண்டாவதில் எதுகையும் இல்லை, உவமையும் இல்லை, ஆனால் ஒரு வீடு இருக்கிறது. எதுகையோடு பாடுவது சில பிள்ளைகளுக்குத் தானாக வரும், அவர்களைத் தடுக்கவேண்டாம். அம்பாறைக் கரையோரத்தில் வயலிலும் வீட்டிலும் நாலடிக் கவி சொல்லும் பெண்கள் இருந்த குடும்பங்கள் உண்டு, அந்தக் காது பேரப்பிள்ளைகளுக்கும் இருக்கும். அப்படி ஒரு மூத்தம்மா உங்கள் ஊரில் இருந்தால், வளவாளருக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு அவரையும் இருத்துங்கள்.

எழுதியதைச் சத்தமாக வாசிக்கவைத்து, மூச்சு நிற்கும் இடத்தில் வரியை முறிக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு வரியை வெட்டச் சொல்லுங்கள். எதை வெட்டுவது என்று பிள்ளை யோசிக்கும் அந்த நிமிடத்தில் அவசரப்படுத்தாதீர்கள்.

படி 7: ஒரே தாளில் புத்தகம்

80 கிராம் ஏ4 தாளை எடுங்கள். நீளப் பக்கங்கள் ஒன்றையொன்று தொடும்படி மடித்து, நகத்தால் அழுத்தி, விரியுங்கள். அடுத்து குறுகிய பக்கங்கள் தொடும்படி மடித்து விரியுங்கள். ஒவ்வொரு குறுகிய பக்கத்தையும் நடு மடிப்பு வரை கொண்டுவந்து மடித்து விரித்தால் 8 கட்டங்கள் தெரியும்.

இப்போது குறுகிய பக்கங்கள் தொடும்படி மறுபடி பாதியாக மடித்துப் பிடியுங்கள். மடிப்பு இருக்கும் பக்கத்திலிருந்து, நடுக்கோட்டின் மேலே, அடுத்த மடிப்பு வரை மட்டும் வெட்டுங்கள். அதற்கு மேல் ஒரு மயிரிழையும் போகக்கூடாது. விரித்தால் தாளின் நடுவில் ஒரு கீறல் இருக்கும். நீளவாக்கில் மடித்து, இரண்டு முனைகளையும் பிடித்து உள்ளே தள்ளினால் கீறல் வாய் திறந்து நான்கு இதழ்களாக நிற்கும். அதைச் சுற்றி மடித்தால் 8 பக்கப் புத்தகம், பசையும் தையலும் இல்லாமல். ஒரு பக்கம் 74க்கு 105 மில்லிமீற்றர்.

முன்னட்டையில் பெயர். உள்ளே இடப்பக்கம் படம், வலப்பக்கம் வரிகள். படத்துக்கு, காலையில் வரைந்த பெரிய தாளின் மேல் 6க்கு 9 சென்ரிமீற்றர் சன்னல் வெட்டிய அட்டையை நகர்த்திப் பார்த்து, பிடித்த துண்டை வெட்டி ஒட்டலாம். பெரிய படத்தை வெட்ட மனம் வராத பிள்ளைகள் இருப்பார்கள். அவர்கள் புத்தகத்தில் புதிதாகச் சின்னதாக வரையட்டும்.

படி 8: மாலையும் அதற்குப் பிறகும்

நான்கு மணிக்குக் கயிறு கட்டி, உடுப்புக் கிளிப்பால் படங்களைத் தொங்கவிட்டு, பெற்றோரை அழையுங்கள். முதலாம் இரண்டாம் பரிசு வேண்டாம். வாசிக்க விரும்பும் பிள்ளை வாசிக்கட்டும், விரும்பாத பிள்ளையின் புத்தகம் மேசையில் இருக்கட்டும். பிள்ளைகளின் முகமும் பெயரும் தெரியும் புகைப்படங்களைப் பெற்றோரிடம் கேட்காமல் முகநூலில் போடாதீர்கள்.

ஒவ்வொரு புத்தகத்தையும் ஒரு பிரதி எடுத்து, மூலத்தைப் பிள்ளையிடம் கொடுத்து, பிரதியை வாசிகசாலையில் இலக்கமிட்டு வையுங்கள். மிஞ்சிய கரியையும் தாளையும் ஒரு பெட்டியில் போட்டு உள்ளூர் ரீச்சர் ஒருவரிடம் ஒப்படையுங்கள். பட்டறை நாளில் அவர் பார்வையாளராக நிற்காமல் பிள்ளைகளோடு இருந்து எல்லாப் பயிற்சியையும் செய்திருக்க வேண்டும். அடுத்த மாதம் அதே பிள்ளைகள் அதே இடத்தில் கூடும் திகதியை, வளவாளர் பஸ் ஏறுவதற்கு முன்பே பலகையில் எழுதிவிடுங்கள்.