சிறிய கணினிக்குக் கிராபிக்ஸ் கார்டு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலுவலகங்களில் ஐந்தாறு ஆண்டுகள் உழைத்துவிட்டு ஏலத்தில் வெளியே வரும் மெலிந்த மேசைக் கணினிகள், இன்று திருநெல்வேலிச் சீமையில் பல வீடுகளுக்குள் வந்துவிட்டன. விலை குறைவு, இடம் குறைவு, மின்செலவும் குறைவு. பிள்ளைகள் படிப்பதற்கென்று வாங்கப்படும் இந்தக் கணினிகளில், சில மாதங்கள் கழிந்ததும் ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டால் விளையாடலாம், வீடியோ வெட்டலாம், முப்பரிமாண வரைகலை பழகலாம் என்ற ஆசை பிறக்கிறது. நியாயமான ஆசைதான். ஆனால் கடந்த இரண்டு மாதங்களில் மட்டும் பாளையங்கோட்டையில் உள்ள என் வேலை மேசைக்கு இப்படிப்பட்ட நான்கு கணினிகள் வந்தன. நான்கிலும் கார்டு புதிது, நான்கிலும் அந்தக் கணினிக்குப் பொருந்தாதது. அவற்றில் மூன்று தவறுகள் நானே முன்பு செய்தவை என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முழு உயரக் கார்டு மெலிந்த பெட்டிக்குள் நுழையாது என்பதையும், கார்டு போட்ட பிறகு மானிட்டர் கம்பியை மதர்போர்டில் (கணினியின் முதன்மைப் பலகையில்) செருகக் கூடாது என்பதையும் இங்கே விளக்கப்போவதில்லை. அவை முதல் நாளே தாமாகத் தெரிந்துவிடும். பணம் போன பிறகும் பல மாதங்கள் தெரியாமலேயே இருக்கும் தவறுகளைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்குவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாத தவறு இதுதான். 2017இல் என்விடியாவின் ஜிடி 1030 என்ற சிறிய கிராபிக்ஸ் கார்டு வெளிவந்தபோது அதை என் சொந்தக் கணினியில் போட்டேன். வெறும் 30 வாட் மின்சாரத்தில், தனி மின்கம்பி எதுவும் இல்லாமல், உள்ளங்கை நீளத்துக்குள் அடங்கும் அந்தக் கார்டு அன்றைய எளிய விளையாட்டுகளைத் தடுமாறாமல் ஓட்டியது. அதனால் கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னேன். முக்கூடலிலிருந்து வந்து இங்கே தங்கிப் படித்த ஒரு மாணவன் 2018இன் இறுதியில் என்னிடம் கேட்டான். அவனுடைய அம்மா பீடி சுற்றிச் சேர்த்துக் கொடுத்த பணம் அது. ஆறாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு அதே பெயருள்ள கார்டை நானே கடையில் வாங்கி, நானே மாட்டிக் கொடுத்தேன்.

என் கணினியில் சீராக ஓடிய அதே விளையாட்டு அவனுடைய கணினியில் திக்கித் திணறியது. கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை மூன்று முறை மாற்றினேன். ரேமைக் கழற்றி மாட்டினேன், கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் மீது சந்தேகப்பட்டேன், விண்டோஸையே அழித்துப் புதிதாகப் போட்டேன். மூன்று மாலைகள் இப்படிப் போயின. கடைசியில் ஜிபியு-இசட் என்ற சிறிய மென்பொருளைத் திறந்து பார்த்தபோதுதான் ஒரே வரியில் விடை கிடைத்தது. நினைவகத்தின் வகை என்ற இடத்தில், என் கார்டில் ஜிடிடிஆர்5 என்றும் அவன் கார்டில் டிடிஆர்4 என்றும் இருந்தது.

2018இல் அதே ஜிடி 1030 என்ற பெயரில் இன்னொரு கார்டு வந்திருந்தது. இரண்டிலும் 2 ஜிபி நினைவகம், இரண்டிலும் நினைவகத்துக்கும் சிப்புக்கும் இடையே 64 பிட் பாதை, இரண்டிலும் அதே எண்ணிக்கையில் கோர்கள். பெரிய வேறுபாடு நினைவகத்தின் வேகத்தில் இருந்தது. முதல் கார்டில் ஒவ்வொரு பிட் பாதையிலும் நொடிக்கு 6 கிகாபிட் ஓடுகிறது. அதை 64ஆல் பெருக்கி 8ஆல் வகுத்தால் நொடிக்கு 48 ஜிபி கிடைக்கிறது. இரண்டாவது கார்டில் ஓடுவது 2.1 கிகாபிட்தான், அதே கணக்கைப் போட்டால் நொடிக்கு 16.8 ஜிபி. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பல விளையாட்டுகளில் இது பாதி வேகமாகத்தான் வெளிப்படுகிறது.

இதை நம் ஊர் ஆட்களுக்குக் குளத்தையும் மடையையும் வைத்துத்தான் நான் விளக்குவது வழக்கம். குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தாலும், வயலுக்கு வந்து சேருவது மடையின் வாய் விடுகிற தண்ணீர் மட்டுமே. பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் ஜிபி எண் குளத்தின் கொள்ளளவு. நினைவகத்தின் வகையும் பிட் அகலமும் சேர்ந்ததுதான் மடை. ஜிடி 730இல் 4 ஜிபி என்று போட்டு விற்கப்பட்ட டிடிஆர்3 கார்டுகள் பலவற்றின் மடை, 64 பிட் பாதையில் நொடிக்கு 14.4 ஜிபிதான், அதே பெயரில் ஜிடிடிஆர்5 கொண்ட 1 ஜிபி கார்டின் மடை நொடிக்கு 40 ஜிபி. கடையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தபோது நான்கு ஜிபியைத்தான் எல்லோரும் எடுத்தார்கள்.

பிரித்த கார்டைக் கடையில் திரும்ப எடுக்கவில்லை. அதைச் சொல்வதற்காக அந்தப் பையனுடைய அறைக்குப் போனேன். “பரவால்ல அண்ணாச்சி, கொஞ்சம் மெதுவா ஓடுது, அவ்வளவுதானே,” என்றான். அவன் சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது. பெட்டியின் ஓரத்தில் மாடல் எண்ணுக்குள் டி4 என்ற இரண்டு எழுத்துகள் இருந்தன. அவற்றை வாசிக்க எனக்கு ஒரு நொடி போதும். நான் வாசிக்கவில்லை.

இந்தக் குழப்பம் அந்த ஒரு கார்டோடு முடியவில்லை. ஜிடிஎக்ஸ் 1650 என்ற பெயரில் 2019இல் ஜிடிடிஆர்5 கார்டும் 2020இல் ஜிடிடிஆர்6 கார்டும் வந்தன. முதலாவதன் மடை நொடிக்கு 128 ஜிபி, இரண்டாவதன் மடை 192 ஜிபி. ஆர்டிஎக்ஸ் 3050இலோ கதை தலைகீழ். 2022இல் வந்த 8 ஜிபி கார்டு 2560 கோர்களுடன் 130 வாட் கேட்கிறது, தனி மின்கம்பி இல்லாமல் ஓடாது. 2024 பிப்ரவரியில் வந்த 6 ஜிபி கார்டில் 2304 கோர்களே உண்டு, ஆனால் 70 வாட் போதும், தனி மின்கம்பி தேவையில்லை, குட்டை உயரத்திலும் கிடைக்கிறது. மெலிந்த பெட்டிக்கு இந்த இரண்டில் உரியது சிறியதுதான். சென்ற மாதம் பேட்டையிலிருந்து வந்த ஒருவர், சற்றுக் கூடுதல் பணம் கொடுத்து, அதிகம் இருப்பதே நல்லது என்று எட்டை வாங்கி வந்து, மாட்ட வழியில்லாமல் நின்றார். ஆகவே கடையில் பெயரை மட்டும் சொல்லாமல், நினைவகம் எந்த வகை, எத்தனை பிட், எத்தனை வாட், தனி மின்கம்பி வேண்டுமா என்று நான்கையும் கேட்டு, பில்லில் முழு மாடல் எண்ணையும் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸை எண்ணாமல் விடுவது

கார்டு செருகும் நீண்ட ஸ்லாட் தரநிலையின்படி 75 வாட் வரை கொடுக்கலாம். ஆனால் சில மெலிந்த கணினிகளில் தயாரிப்பாளரே அதைவிடக் குறைவான வரம்பை வைத்திருப்பார். அந்த எண் கணினியின் கையேட்டில் இருக்கும், கார்டின் பெட்டியில் இருக்காது. மொத்த எஸ்எம்பிஎஸ்ஸும் சிறியதுதான்: டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020இன் மெலிந்த வடிவத்தில் 255 வாட், 7040இல் 180 வாட். அதிலேயே பிராசசர், ஹார்டு டிஸ்க், விசிறி எல்லாம் ஓட வேண்டும். பெரிய எஸ்எம்பிஎஸ் வாங்கி மாற்றிவிடலாம் என்றால், இந்த மதர்போர்டுகள் பலவற்றில் சந்தையில் கிடைக்கும் 24 ஊசி இணைப்பு பொருந்தாது, பெட்டிக்குள் அளவும் பொருந்தாது.

இதற்குக் குறுக்குவழியாக, ஹார்டு டிஸ்குக்குப் போகும் சாட்டா மின்கம்பியிலிருந்து ஆறு ஊசி இணைப்புக்கு மாற்றித் தரும் ஒரு சிறு கம்பியைச் சிலர் வாங்கி வருகிறார்கள். தயவுசெய்து அதைப் பயன்படுத்தாதீர்கள். சாட்டா இணைப்பில் 12 வோல்ட்டுக்கு மூன்று ஊசிகள்தான் உண்டு, ஊசிக்கு 1.5 ஆம்பியர் என்று கணக்கிட்டால் மொத்தம் 54 வாட். ஆறு ஊசி இணைப்பிலோ கார்டு 75 வாட் வரை இழுக்க உரிமை உண்டு. மேலப்பாளையத்திலிருந்து வந்த ஒரு கணினியைத் திறந்தபோது, அந்த இணைப்பின் பிளாஸ்டிக் உருகிக் கம்பியோடு ஒட்டிக் கிடந்தது. அந்த வீட்டில் இரவு முழுவதும் கணினியை ஓட விட்டுத் தூங்கும் பழக்கம் இருந்தது என்று பிறகு கேள்விப்பட்டபோது எனக்கு உடம்பு நடுங்கியது.

வீடியோ வேலைக்கு விளையாட்டுக் கார்டை அளவுகோலாக வைப்பது

அம்பாசமுத்திரத்தில் திருமண வீடியோ எடுக்கும் ஒரு நண்பர், வெட்டி முடித்த வீடியோவைக் கோப்பாக மாற்றும் நேரம் குறையும் என்று நம்பி ஜிடி 1030 வாங்கிப் போட்டார். நேரம் குறையவில்லை, கூடியது. வீடியோவைச் சுருக்கி எழுதும் தனிச் சுற்று அந்தக் கார்டில் கிடையாது என்பதும், அவருடைய இன்டெல் பிராசசருக்குள்ளேயே குவிக் சிங்க் என்ற அந்தச் சுற்று முன்பே இருந்தது என்பதும் அவருக்குத் தெரியாது. கார்டைச் செருகியதும், கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் மென்பொருளான பயாஸ், பிராசசருக்குள் இருந்த வரைகலையை அணைத்துவிட்டது. அதோடு குவிக் சிங்கும் போய்விட்டது. பயாஸுக்குள் போய் இரண்டையும் சேர்ந்து இயங்கச் செய்த பிறகுதான் அவருக்குப் பழைய வேகமாவது திரும்பியது.

2022இல் வந்த ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400 கார்டு விளையாட்டில் ஜிடி 1030ஐவிடப் பல மடங்கு மேலானது, 53 வாட்தான் எடுக்கும், ஒற்றை ஸ்லாட் தடிமனில் குட்டையாகக் கிடைக்கிறது. ஆனால் அதிலும் வீடியோ எழுதும் சுற்று இல்லை. ஜிடிஎக்ஸ் 1650இலும் ஆர்டிஎக்ஸ் 3050இலும் உண்டு. இன்டெல் ஆர்க் ஏ310இல் ஏவி1 வகை வீடியோவையே எழுதும் திறன் உண்டு. திருமண வீடியோ, யூடியூப், வகுப்புப் பதிவு என்று வேலை இருப்பவர்கள் விளையாட்டில் எத்தனை பிரேம் என்ற ஒப்பீடுகளைப் பார்ப்பதற்கு முன்னால் இந்த ஒரு கேள்விக்கு விடை தேட வேண்டும்.

பழைய மதர்போர்டில் புதிய கார்டு

சற்று முன்பு நான் புகழ்ந்த ஆர்எக்ஸ் 6400க்கு ஒரு குறை உண்டு. அது பிசிஐஇ என்ற இணைப்புத் தரத்தின் 4.0 பதிப்பில் நான்கே பாதைகளால் மதர்போர்டோடு பேசுகிறது. பிசிஐஇ 3.0 மட்டும் உள்ள பழைய கணினியில் அந்தப் பாதைகளின் வேகம் பாதியாகிவிடும். 4 ஜிபி நினைவகம் நிரம்பி வழியும் விளையாட்டுகளில் அந்த இழப்பு கண்ணுக்குத் தெரியும். இன்டெல் மேசைக் கணினிகளில் பிசிஐஇ 4.0 வந்ததே 11ஆம் தலைமுறையில்தான். ஏலத்தில் வருபவை பெரும்பாலும் அதற்கு முந்தியவை.

ஆர்க் கார்டுகள்

பிராசசர் கார்டின் நினைவகம் முழுவதையும் ஒரே வீச்சில் அணுக உதவும் ரீசைசபிள் பார் வசதி பயாஸில் இல்லாத கணினியில் இவற்றை விளையாட்டுக்காக வாங்க வேண்டாம்.

மலிவு விலையில் பெரிய பெயர்

இணையத்தில் பாதி விலைக்கு வரும் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டுகளில் சில, பத்து ஆண்டுகளுக்கும் முந்திய சிப்பில் கார்டின் பயாஸை மாற்றி எழுதிப் பெயரை மட்டும் புதிதாகக் காட்டுபவை. பின்புறத்தில் பழைய மானிட்டர்களுக்கான நீல நிற விஜிஏ துளை இருந்தால் உடனே ஐயப்படுங்கள். உண்மையான 1050 டிஐயின் தலைமுறைச் சிப்புகளிலிருந்து விஜிஏ சமிக்ஞை நேரடியாக வெளிவராது. வாங்கியவுடன் ஜிபியு-இசட்டைத் திறந்து பாருங்கள். இத்தகைய போலிகள் பலவற்றை அதுவே அடையாளம் காட்டும்.

டிரைவர் நின்றுபோன கார்டு

ஜிடி 710ஐயும், பெரும்பாலான ஜிடி 730ஐயும் இன்று எந்த விலைக்கும் வாங்காதீர்கள். அவற்றின் கெப்லர் சிப்புக்கு விளையாட்டு டிரைவர்கள் 2021இலும் பாதுகாப்புத் திருத்தங்கள் 2024இலும் நின்றுவிட்டன.

சித்திரை வெயிலை மறப்பது

குட்டைக் கார்டில் இருப்பது சிறிய விசிறி. அது வெப்பத்தை வெளியேற்ற வேகமாகச் சுழல வேண்டும், வேகமாகச் சுழன்றால் இரைச்சல் வரும். மார்கழியில் மாட்டிச் சரிபார்த்த கார்டு சித்திரையில் அதே வேகத்தில் ஓடாது. மெலிந்த பெட்டியைச் சுவரோடு ஒட்டியோ, மரப்பலகை அடைப்புக்குள்ளோ வைத்தால், உள்ளே சூடான காற்றே திரும்பத் திரும்பச் சுற்றும். கார்டு தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வாங்கிய நாளில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துத் திருப்திப்படாமல், மூடியைப் போட்டு, பகல் இரண்டு மணிக்கு, அரை மணி நேரம் ஓட்டி வெப்பநிலையைக் கவனியுங்கள். இரண்டு ஸ்லாட் தடிமனுள்ள கார்டாக இருந்தால், விசிறிக்கும் எஸ்எம்பிஎஸ் சுவருக்கும் இடையில் விரல் நுழையும் இடைவெளியாவது இருக்கிறதா என்று மூடுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

பிராக்கெட்

குட்டைக் கார்டைக் கணினியின் பின்பக்கத்தில் பொருத்தும் உலோகப் பட்டையான சிறிய பிராக்கெட், கார்டின் பெட்டிக்குள் இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பாருங்கள். தனியாகத் தேடினால் நம் ஊரில் எளிதில் கிடைக்காது.